நோட்டின் கடைசிப் பக்கம்

தமிழ்நாட்டு மாணவரின் நோட்டில் பாடம் முன்பக்கத்திலிருந்து நடக்கும். பின்பக்கத்திலிருந்து வேறொன்று நடக்கும்: காதில் விழுந்த பாட்டின் வரிகள், பார்த்த படங்களின் பட்டியல், பிடித்த நடிகையின் பெயர் நாலைந்து விதக் கையெழுத்தில், மூக்கை மட்டும் பெரிதாக்கி வரைந்த ஆசிரியரின் முகம், பக்கத்து இருக்கைக்காரனோடு வாய் திறக்காமல் நடத்திய உரையாடல். ஆண்டு முடிவதற்குள் இரண்டும் நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். சந்திக்கும் இடத்தை வைத்தே பிள்ளையின் படிப்பை எடைபோட்ட ஆசிரியர்கள் உண்டு.

திரைப்படமும் வானொலியும் ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலங்களில் மாணவரிடம் அவற்றை வாங்கக் காசு இல்லை. ஓடிப்போகும் பாட்டை நிறுத்தி வைக்கக் கருவியும் இல்லை. இருந்தவை பேனாவும் தாளும்தான். பள்ளிக்கூடம் அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் திறமை பார்த்து எழுதுவது. இரண்டாவது, சொல்வதைக் கேட்டு எழுதுவது. இரண்டையும் அவர் சினிமாவுக்குப் பயன்படுத்தினார். தமிழ் மாணவரின் வெகுசன ரசனை வளர்ந்த கதையைச் சொல்லப் புகுந்தால், அது பெரும்பாலும் நகலெடுத்து எழுதியதன் கதையாகவே அமைகிறது.

இதற்கான சான்றுகள் ஒருபக்கமாகவே எஞ்சியிருக்கின்றன. அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களே அந்த நூலகத்தின் அடிப்படை. மாணவர் கையால் எழுதிய நோட்டுகளுக்கு அப்படி ஒரு புரவலர் அமையவில்லை. ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு அவை பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போயின. அங்கிருந்து கடலையும் பட்டாணியும் மடித்த பொட்டலங்களாக ஊருக்குள் திரும்பின.

பின்பக்கம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் முதலில் காகித நோட்டு வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பிறகு ஓலையில் எழுதினார்கள். மணலில் எழுதியது அடுத்த எழுத்துக்கு வழிவிட்டு அழிந்தது. ஓலையோ, விளையாட்டாகக் கிறுக்க முடியாத அளவுக்கு உழைப்புக் கேட்டது. சிலேட்டும் அழிக்கவே ஏற்பட்டது. ஆங்கிலேயர் காலத்து உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் வந்த பிறகே, தைத்த காகித நோட்டு மாணவரின் சொந்தப் பொருளானது. ஒரு குயர், இரண்டு குயர் என்று கணக்கிட்டு வாங்கி, பழுப்புத்தாள் அட்டை போட்டு, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டிய அந்த நோட்டில், ஆசிரியர் கையெழுத்துப் போடும் பக்கங்களும் அவர் பார்க்காத பக்கங்களும் பிரிந்தன. எல்லாப் பாடத்துக்கும் பொதுவான ‘ரஃப் நோட்டு’ வந்தபோது இந்தச் சுதந்திரம் இன்னும் அகலமானது.

அந்தப் பக்கங்களில் எழுதுவதற்கான சரக்கு சினிமாவுக்கு முன்பே தெருவில் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னைப் பூங்கா நகரின் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. ரயில் விபத்து, வெள்ளம், பரபரப்பான கொலை எதுவானாலும் சில நாளில் சிந்தாகவோ கும்மியாகவோ அச்சேறிவிடும். விற்பவரே தெருமுனையில் நின்று பாடிக் காட்டுவார். படித்தவர்கள் இவற்றை இலக்கியத்தில் சேர்க்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்த பிறகே கல்விப்புலம் இந்தப் பக்கம் திரும்பியது. நாடகக் கம்பெனிகளின் பாட்டுப் புத்தகங்களும் இதே வழியில் வந்தவை. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் பாட்டுகள் கிராமபோன் தட்டாக வந்தபோதும், தட்டை வாங்க முடியாதவர் கைக்கு எட்டியது அச்சுப் புத்தகம்தான்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்த இந்த முதல் தமிழ்ப் பேசும்படத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குத் தமிழ்ப் படம் பாட்டாலேயே ஓடியது. ஒரு படத்தில் ஐம்பது பாட்டு வரை இருந்த காலம் அது. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் பாட்டு வரிகளும் இருக்கும். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்ததும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளும். பாட்டுகளுக்கு அந்தத் தடை இல்லை. பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை முழுதாக இருக்கும். ஒருவர் வாங்கிய புத்தகத்தை வகுப்பில் பத்துப் பேர் பார்த்து எழுதிக்கொள்ள முடியும். மெல்லிய தாளில் அச்சிட்ட அந்தப் புத்தகம் ஒரு சுற்று முடிவதற்குள் கந்தலாகிவிடும். நோட்டில் ஏறிய நகல் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்நாளைய இளைஞர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று பாட்டு, மற்றது தோள்வரை வழியும் ‘பாகவதர் கிராப்’. பாட்டை நோட்டுக்குள் மறைக்கலாம், கிராப்பை மறைக்க முடியாது. சினிமா மோகத்தை முதலில் காட்டிக்கொடுத்தது தலைமுடிதான். அன்றைய பெரியவர்கள் பலருக்குச் சினிமா என்றாலே ஆகாது. ராஜாஜிக்கு அதன்மேல் இருந்த வெறுப்பு ஊரறிந்தது. படிக்கிற பிள்ளை கொட்டகைக்குப் போனான் என்பது, அடி வாங்குவதற்குப் போதுமான குற்றமாக வெகுகாலம் நீடித்தது.

நகலெடுப்பதோடு நிற்காமல் சொந்தமாக எழுதிப் பார்த்த மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் கண்ட வடிவம் கையெழுத்துப் பத்திரிகை. பள்ளியிலோ ஊரிலோ நாலைந்து பேர் சேர்ந்து கதை, கவிதை, கட்டுரை, துணுக்கு எழுதி, கையெழுத்து அழகாக உள்ளவர் அதைப் படி எடுத்து, படம் வரையத் தெரிந்தவர் அட்டை போட்டு, சில பிரதிகளை மட்டும் சுற்றுக்கு விடுவார்கள். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி 1940-களின் தொடக்கத்தில் நடத்திய ‘மாணவ நேசன்’ அப்படிப்பட்டதே. பத்தாண்டு கழித்து அவர் வசனம் எழுதிய ‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்து, மாணவர் நோட்டின் உள்ளடக்கத்தையே மாற்றியது. அதுவரை பாட்டு இருந்த இடத்தில் வசனம் வந்து உட்கார்ந்தது. சிவாஜி கணேசன் பேசிய நீதிமன்றக் காட்சியை முழுதாக ஒப்பிக்க முடிந்தவனுக்கு வகுப்பில் தனி மரியாதை. கதை வசனப் புத்தகங்களும் வசன இசைத்தட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அடுத்து ‘மனோகரா’வும், 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னும் வந்தன. பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் அட்டைக் கிரீடமும் ஒட்டு மீசையுமாகக் கட்டபொம்மன் மேடையேறாத ஊர் அரிது. இந்த வசனங்களின் எதுகையும் மோனையும் மனப்பாடத்துக்கென்றே அமைந்தவை. செய்யுளை மனப்பாடம் செய்யச் சொல்லி அடித்த அதே பள்ளிக்கூடத்தில், யாரும் சொல்லாமலே பக்கம் பக்கமாக மனப்பாடம் நடந்தது. தமிழாசிரியர்களில் பலர் இதைக் கண்டும் காணாமல் இருந்ததற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும்: உச்சரிப்புத் திருந்தியது.

வானொலி இன்னொரு வகை எழுத்தைக் கொண்டுவந்தது. 1952 முதல் பத்தாண்டு மத்திய ஒலிபரப்புத் துறையைப் பார்த்துக்கொண்ட பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தை அவர் வெகுவாகக் குறைத்தார். சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு நாடு திருந்தும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நாடு வானொலியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அமைத்த வலுவான அலைபரப்பி போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்ததால், அதன் ஒலி இந்தியா முழுவதும் கேட்டது. தென்மாவட்டங்களில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகவே கேட்டது. நிலைமையைச் சமாளிக்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டது. அதற்குள் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குப் பழகிவிட்டது. அடுத்த தலைமுறை கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரிடம் தமிழை எப்படி ஒலிக்க வேண்டும் என்று கேட்டுக் கற்றது. காலை ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி முடிவதை வைத்துப் பள்ளிக்குக் கிளம்பிய வீடுகள் ஏராளம்.

வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு இருந்ததில்லை. வைத்திருந்தால் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. டீக்கடையிலும் ஊராட்சி மன்றத்திலும் நின்று கேட்டவர்களே அதிகம். நின்ற இடத்தில் கேட்ட பாட்டை எழுதுவது ஒரு தனிக் கலை. பாட்டு நிற்காது, பேனா பின்தங்கும். முதல் நாள் பல்லவியும் முதல் சரணமும், மறுபடி எப்போதாவது ஒலிபரப்பானால் மீதி. அக்காள் ஒரு வரி, தங்கை அடுத்த வரி என்று முறைவைத்து எழுதுவதும் உண்டு. புரியாத சொல்லுக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நிரப்புவார்கள். பார்க்காதவர்கள் தங்களுக்குப் பட்ட சொல்லைப் போட்டுக்கொண்டார்கள். அவற்றில் சில, கவிஞர் எழுதியதைவிட மோசமில்லை. பெண்களின் பாட்டு நோட்டு பெரும்பாலும் இப்படி உருவானது. கொட்டகைக்கு நினைத்தபோது போக முடியாத கல்லூரிப் பெண்ணுக்கு, பார்க்காத படத்தின் பாட்டெல்லாம் வரிமாறாமல் தெரிந்திருக்கும்.

வானொலிக்கு எழுதுவது இன்னொரு பழக்கம். ‘நேயர் விருப்ப’த்துக்கு அஞ்சலட்டை போட்டால் பாட்டோடு பெயரும் ஊரும் காற்றில் வரும். நட்பு வட்டாரத்தின் பெயர்களையெல்லாம் அடுக்கி அட்டையை நிரப்புவார்கள். 1980-களில் அட்டையின் விலை 15 பைசா. மாணவருக்குக் கட்டுப்படியான ஒரே புகழ் அதுதான். விருப்பம் தெரிவித்த பெயர்களில் ஒரு பெண் பெயரும் அதே தெருவின் ஒரு பையன் பெயரும் அடுத்தடுத்து வந்துவிட்டால் வீட்டில் விசாரணை நடக்கும்.

1960-களின் மாணவரை இதே கண்ணோடு பார்த்தால் ஒரு முரண் தெரியும். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் ‘ஆராதனா’ (1969), ‘பாபி’ (1973), ‘யாதோன் கி பாராத்’ (1973) பாட்டுகள் அதே கல்லூரி விடுதிகளில் ஒலித்தன. தமிழ் எழுத்தில் எழுதிய இந்திப் பாட்டுகள் நோட்டுகளில் ஏறின. பொருள் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் முனையவில்லை. எதிர்த்தது ஆட்சிமொழியை, பாட்டை அல்ல என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா வந்த பின் இந்திப் பாட்டின் பிடி தளர்ந்தது என்று திரையிசை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இதே ஆண்டுகளில் சென்னை மாணவருக்கு அண்ணா சாலை இரண்டாவது வளாகமாக இருந்தது. 1964-இல் திறந்த சஃபையர் வளாகத்தில் புளூ டைமண்ட் என்ற அரங்கில் படம் இடைவிடாமல் ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வகுப்பைக் கட் அடித்தவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு கிடையாது. பாதியில் நுழைந்து, முடிவைப் பார்த்துவிட்டு, அடுத்த காட்சியில் தொடக்கத்தைப் பார்த்து, நுழைந்த இடம் வந்ததும் எழுந்து போவார்கள். பக்கத்திலேயே 1962 முதல் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் ஒரு காபிக்கு ஒரு மாலைப்பொழுது உட்காரலாம். 1994-இல் சஃபையரும் 2008-இல் உட்லண்ட்ஸும் மூடப்பட்டன.

கல்லூரியைப் பற்றித் தமிழ் சினிமா எடுத்த படங்கள் தனி வரிசை. ‘இரத்தத் திலகம்’ (1963) சீனப் போரைப் பற்றிய படம். அதன் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்கள் பிரியும்போது பாடுவதாகக் கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்த பாட்டு, படத்தை விட்டுத் தனியே நடந்துபோய்த் தமிழ்நாட்டுப் பிரிவுபசார விழாக்களின் நிரந்தரப் பாட்டாகிவிட்டது. போர்ப் படத்தில் வந்தது என்பதே பாடியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1980-இல் ‘ஒருதலை ராகம்’ வந்தது. டி. ராஜேந்தர் தான் படித்த மயிலாடுதுறைக் கல்லூரிச் சூழலை வைத்து எழுதிய படம் அது. அதுவரை படத்தில் வந்த கல்லூரியில் மரங்களைச் சுற்றி ஓட்டம் நடந்தது. இதில் ரயிலில் ஏறிக் கல்லூரிக்கு வரும் சாதாரணப் பையன்கள் வந்தார்கள். பெண்குரல் ஒன்றுகூட இல்லாத அதன் பாட்டுகள், சொல்லாமல் புழுங்கிய ஆண்பிள்ளைகளின் நோட்டுகளை நிரப்பின. காதலைச் சொல்லாமலே இருப்பது ஒரு குணச்சிறப்பு என்ற எண்ணத்தை இந்தப் படம் பரப்பியது. பதினொரு ஆண்டு கழித்துக் கதிரின் ‘இதயம்’ (1991) அதைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அதில் நடித்த முரளி, கையில் நோட்டோடு கல்லூரி மாணவராகவே ஆண்டுக்கணக்கில் நடித்தார். 2010-இல் மகன் அதர்வாவின் முதல் படமான ‘பாணா காத்தாடி’யில்கூட, இன்னும் சொல்லாமல் திரியும் அதே மருத்துவ மாணவராக எட்டிப்பார்த்தார். தன்னைத் தானே கேலி செய்துகொண்ட அந்தக் காட்சியில் திரையரங்கு கைதட்டியது. சொல்லாத காதலை வியந்த இந்தப் படங்களில் பெண்ணின் விருப்பம் என்ன என்ற கேள்விக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. அந்தக் குறை நோட்டுகளிலும் ஒட்டிக்கொண்டது.

உடையும் இதே வழியில் மாறியது. 1970-களில் பெல்பாட்டம். 1985-இல் ‘பூவே பூச்சூட வா’ வந்ததும், அதில் நடித்த நதியாவின் பெயரால் நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை எனக் கல்லூரிப் பெண்களுக்கான கடைகள் பெயர் சூட்டி விற்றன.

ஒலிநாடா வந்த பிறகு நகலெடுக்கும் வேலை கடைக்காரரிடம் போனது. பட்டியல் எழுதும் வேலை மாணவரிடம் தங்கியது. 1980-களில் சிற்றூர்களிலும் ‘ரெக்கார்டிங் சென்டர்’கள் முளைத்தன. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள், ஒரு மேசை, இரண்டு டெக். வெற்று நாடா ஒன்றை வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்தப் பாட்டை எதன் பின்னால் வைப்பது என்று முடிவு செய்ய ஒரு வாரம் ஆகும். வரைவுகள் கடைசிப் பக்கத்தில் அடித்தும் திருத்தியும் கிடக்கும். பணமில்லாத ஒருவர் பன்னிரண்டு பாட்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால் வந்த கூர்மை, எல்லாப் பாட்டும் கைக்குள் இருக்கும் காலத்தில் வராது. கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார். பட்டியலைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். நாடாவில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் தமக்குப் பிடித்த ஒரு துண்டைச் சேர்த்துவிடுவார். சலீல் சௌத்ரியையோ வி. குமாரையோ பலர் முதலில் கேட்டது அந்த மிச்ச இடத்தில்தான். பதிப்புரிமைச் சட்டப்படி இந்தத் தொழில் செல்லாது. இசைத்தட்டு நிறுவனங்கள் எதிர்த்தபடியே இருந்தன. அசல் நாடாக்கள் மலிந்ததும், பிறகு குறுந்தகடு வந்ததும் கடைகள் கைப்பேசிப் பழுது பார்க்கும் கடைகளாக மாறின.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிறு மாலை திரைப்படம் என்ற இரண்டும் விடுதி வாழ்க்கையின் அட்டவணையை வகுத்தன. ஐம்பது அறை உள்ள விடுதிக்கு ஒரே பெட்டி. முன்வரிசையில் மூத்த மாணவர், பின்னால் சன்னல் கம்பியைப் பிடித்தபடி முதலாண்டு. அரை மணி நேரத்தில் சில பாட்டுகள்தான். அதில் ஒன்று கறுப்பு வெள்ளையாக இருந்தால் எழும் முனகல் வார்டனின் அறைவரை கேட்கும்.

எழுத்தின் துணையில்லாமல் வளர்ந்த ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். சென்னைக் கலைக் கல்லூரிகளின் பேருந்துத் தடங்களில் மாணவர்கள் பாடிய கானா காதுவழியாகவே பரவியது. வடசென்னைச் சாவு வீட்டிலும் குப்பத்திலும் பிறந்த அந்தப் பாட்டு, மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் போகும் பேருந்துகளில் தகரத்தைத் தட்டித் தாளமாக்கிக் கேலியும் காதலும் கல்லூரிப் பெருமையும் பாடியது. 1990-களில் தேவாவின் இசையில் திரைக்குப் போன கானா, அங்கிருந்து மீண்டும் பேருந்துக்குத் திரும்பியது. பேருந்துத் தடத்தை வைத்து மாணவர் கூட்டங்களுக்குள் நடந்த ‘ரூட்’ போட்டிகள் அடிதடியில் முடிந்ததும் பொய்யில்லை. ‘பஸ் டே’ கொண்டாட்டத்துக்குக் காவல் துறையும் நீதிமன்றமும் தடை போட்டதற்கு அதுவே காரணம். பாட்டை விட்டுவிட்டுச் சண்டையை மட்டும் செய்தியாக்கிய பத்திரிகைகள் கானாவின் பாதி வரலாற்றைத் தொலைத்துவிட்டன.

வகுப்பறை விளையாட்டுகளும் கடைசிப் பக்கத்தில் நடந்தவைதான். ‘பாட்டுக்குப் பாட்டு’ அப்துல் ஹமீதின் குரலில் வானொலியில் புகழ்பெற்றுத் தொலைக்காட்சிக்கும் போனது. சுற்றுலாப் பேருந்தில் அதை ஆடாத பள்ளி இல்லை. ஃபிளேம்ஸ் என்ற கணக்குக்கு இரண்டு பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். பொதுவான எழுத்துகளை அடித்து, மீதியை எண்ணி, அந்த எண்ணால் ஆறு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழித்தால், நட்பா, காதலா, பாசமா, கல்யாணமா, பகையா, சகோதரியா என்று விடை வரும். தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கிலம் சரளமாகப் புழங்கிய அபூர்வ இடங்களில் இது ஒன்று. வேண்டிய விடை வராவிட்டால் பெயரோடு தலைப்பெழுத்தைச் சேர்த்து மறுபடி போடுவார்கள். நடிகர், நடிகை பெயர்களை வைத்துச் சோதனை ஓட்டம் நடத்துவதும் வழக்கம். மார்ச் மாதம் ஆட்டோகிராப் நோட்டு சுற்றுக்கு வரும். பல வண்ணத் தாள்கள் கொண்ட அந்தச் சிறு நோட்டில் பக்கத்துக்கு ஒருவர் வாழ்த்து எழுதுவார். பாதி வாழ்த்து சினிமாப் பாட்டின் சாயல். 1990-களின் பிற்பகுதியில் பிடித்த நடிகர், பிடித்த நிறம் என்று கேள்விகளை அச்சிட்ட ‘ஸ்லாம் புக்’ அதன் இடத்தைப் பிடித்தது. கேள்வி முன்பே அச்சாகிவிட்டதால் பதில்களும் ஒரே மாதிரி ஆயின.

1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி தொடங்கியதும் பாட்டின் பஞ்சம் தீர்ந்தது. தொலைபேசியில் பேசிப் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சிகள் அஞ்சலட்டையை ஓரங்கட்டின. 2006-இல் விஜய் டிவியின் ‘கனா காணும் காலங்கள்’ பள்ளி வாழ்க்கையையே தொடராக்கியது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் வீட்டில் மறுபடியும் ஒரு பள்ளியைப் பார்த்தார்கள்.

கைப்பேசி பேனாவின் இடத்தை எடுத்துக்கொண்டது 2000-களின் நடுவில். முதலில் குறுஞ்செய்தி. சலுகைத் திட்டம் போட்டுக்கொண்டு இரவெல்லாம் ‘கடலை’ போட்ட கல்லூரி மாணவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினார்கள். 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நாளொன்றுக்கு 100 செய்தி என்று வரம்பு கட்டி, அதே நவம்பரில் 200 ஆக்கியது. விளம்பரத் தொல்லையைத் தடுக்க வந்த விதி அது; அதிகம் புலம்பியவர்கள் மாணவர்கள். அதே 2011-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்களுக்குத் தமிழக அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. சிற்றூர் மாணவரின் கைக்கு முதல்முறையாகப் படங்களையும் பாட்டுகளையும் சேமித்துவைக்கும் சொந்தக் கருவி வந்தது. பென் டிரைவ் கைமாறியபோது, பார்த்து எழுதும் பழக்கத்துக்கு அவசியம் போய்விட்டது.

எழுதும் ஆசை போகவில்லை. அது படத்தின்மேல் ஏறியது. வடிவேலுவின் முகத்துக்கு வகுப்பறைச் சங்கடத்தைப் பொருத்தி மீம் செய்தவர்களில் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1980-களின் நடுவில் தனியார் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கி ஐந்நூறைத் தாண்டிப் பெருகியபின், அரியர் என்பது மாநிலம் முழுவதற்கும் பொதுவான அனுபவமாகியிருந்தது. ‘வேலையில்லா பட்டதாரி’ (2014) ஓடியதன் அடித்தளமும் அந்தக் கூட்டம்தான். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய மாணவர்களின் கையெழுத்து அட்டைகளில் திரைவசனங்கள் அரசியல் வாசகங்களாகத் திரும்பின. ‘ஃபிரெண்ட்ஸ்’ (2001) படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி என்ற பாத்திரம் 2019 மே மாதம் உலகளவில் பேசப்பட்டது. 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுகளை ரத்து செய்வதாக மாநில அரசு அறிவித்தபோது அன்று மாலைக்குள் மீம்கள் குவிந்தன. கட்டணம் செலுத்தியவர்க்கெல்லாம் தேர்ச்சி என்ற அந்த முடிவு பின்னர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்து இணைய வகுப்புகளில் நோட்டே பல மாதம் திறக்கப்படவில்லை. ஆசிரியர் பாடம் நடத்த, மாணவர்களின் தனி வாட்ஸ்அப் குழுக்களில் பக்கத்துப் பேச்சு ஓடியது. 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளிகளும், உடன் கல்லூரிகளும் திறந்தன. வகுப்பறைக்குள் கைப்பேசிக்குப் பெரும்பாலான பள்ளிகள் தடை போட்டிருப்பதாலும், ரெக்கார்டு நோட்டும் அசைன்மெண்டும் இன்றும் கையால் எழுதியே கொடுக்க வேண்டியிருப்பதாலும், பின்பக்க எழுத்து குறைந்த அளவில் தொடர்கிறது. பாட்டு வரிகளை அங்கே காண்பது அரிது. ஃபிளேம்ஸும், புத்தகக் கிரிக்கெட்டின் ஓட்டக் கணக்கும், ஆசிரியரின் மூக்கும் இருக்கின்றன.